பதினான்கு நாள் புன்னகை

மும்பை செம்பூரில் இருக்கும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் அதையும் இலவச விளம்பரம் என்று எடுத்துக்கொள்வார்கள். வாசலில் நீரூற்று, உள்ளே காப்பிக்கடை, காப்பிக்கடையைத் தாண்டினால் பளிங்குப் பிள்ளையார், பிள்ளையாருக்குப் பின்னால் பணம் கட்டும் கவுன்ட்டர் என்று எல்லாம் முறைப்படி அமைந்த இடம். பொறுமையாகத் தேடினால் டாக்டர்களும் கிடைப்பார்கள்.

அங்கே இரண்டாம் நம்பர் லிஃப்டைப் பத்தொன்பது வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தவர் வெயிலுமுத்து. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அவரும் மனைவி செண்பகவல்லியும் மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. செண்பகவல்லிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு நாலு வருஷமாயிற்று. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் புருஷனோடு சயானில் பஸ் ஏறி வருவாள். மூன்றாம் மாடியில் நாலு மணி நேரம் டயாலிசிஸ் ஓடும். நோயாளிகளோடு நேரில் பழகும் ஊழியர்களின் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரி கொடுத்துவந்த சலுகை அது. லிஃப்ட் வேலை இருக்கும்வரை சலுகை. சலுகை இருக்கும்வரை செண்பகவல்லி. இந்த ஒரு பாடம்தான் வெயிலுமுத்துவுக்கு உலகத்தில் தெரிந்திருக்க வேண்டியதாக இருந்தது. அதை அவர் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்.

அவருடைய பற்கள் பழுப்பு. வெற்றிலையும் கிடையாது, பீடியும் கிடையாது. பிறந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அப்படி. செண்பகவல்லியும் அதே கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தான். தாராவிக்கு வந்துவிட்ட அந்த ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பல்லை வைத்தே கண்டுகொள்வார்கள். குழாயடியில் யாராவது கொஞ்சம் வாய்விட்டுச் சிரித்துவிட்டால் போதும், "நீங்க நம்மூரா?" என்று பக்கத்துக் குடத்திலிருந்து கேள்வி வரும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அப்படித்தான். செண்பகவல்லி எதற்கோ சிரித்தாள். அதைப் பார்த்த வெயிலுமுத்துவும் சிரித்தார். பேச்சு அத்தோடு முடிந்தது. வீட்டில் இரண்டு வாய், இரண்டும் ஒரே நிறம். தன் பல் பழுப்பு என்பதே அவருக்கு ஐம்பத்து மூன்று வயதுவரை ஒரு செய்தியாகத் தோன்றியதில்லை.

செய்தியாக்கியவர் பத்ரி. ஆஸ்பத்திரியின் துணைத் தலைவர்களில் ஒருவர். நோயாளி அனுபவம் அவர் துறை. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், வாய் நிறைய வெள்ளைப் பற்கள் உள்ளவர். ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறவர்களிடம் எடுத்த கருத்துக் கணிப்பில் 'கனிவு' என்ற இடத்தில் மதிப்பெண் குறைந்துவிட்டது. ஒரு நர்ஸுக்கு இருபது நோயாளி என்பதை யாரும் காரணமாகச் சொல்லவில்லை. பெங்களூரிலிருந்து ஒரு ஆலோசகரை வரவழைத்தார்கள். அவர் மூன்று மாதம் ஆராய்ந்து, கனிவு என்பது பல்லில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்.

கீழ்த்தளத்துக் கூடத்தில் எல்லோரையும் நிற்கவைத்து பத்ரி பேசினார்.

"பல் போனா சொல் போச்சுன்னு பெரியவா சொல்லியிருக்கா. நான் சொல்றேன், பல் மஞ்சளானா பிராண்டே போச்சு. பாருங்கோ, வைத்தியம் எல்லா ஆஸ்பத்திரியிலயும் பண்றான். வைத்தியத்துக்காக ஒருத்தரும் நம்மகிட்ட வரலை. ஃபீலுக்காக வரா. இனிமே ஃப்ரன்ட்லைன் ஸ்டாஃப் எல்லாருக்கும் பல் ஏ-டூ ஷேடுக்குக் கீழ போகப்படாது. நான் கொடுமைக்காரன் இல்லை. டயம் தரேன். டூத்பேஸ்ட் டப்பாவிலேயே ஃபோர்ட்டீன் டேஸ்னு போட்டிருக்கான். அதே ஃபோர்ட்டீன் டேஸ்."

டப்பாவில் அச்சடித்தது அன்றிலிருந்து ஆஸ்பத்திரியின் சட்டமாயிற்று. பதினான்கு நாளில் வெளுக்காதவர்கள் பின்வேலைக்கு, அதாவது அடித்தளத்துச் சலவைக் கூடத்துக்குப் போக வேண்டும். அது ஒப்பந்த வேலை. அதற்குக் குடும்பச் சலுகை கிடையாது.

நிறம் பார்க்கிற பொறுப்பு சாய்நாத்துக்கு. பத்ரியின் துறையில் அதிகாரி, நல்ல பையன், தமிழை இந்தி வழியாகப் பேசுவான். பல் வைத்தியர்கள் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டை ஒன்றை அவனிடம் கொடுத்திருந்தார்கள். பதினாறு பொய்ப்பற்கள் வெள்ளையிலிருந்து பழுப்புவரை வரிசையாகச் செருகியிருக்கும், ஏ-டூ அதில் ஒன்று. அதை வெயிலுமுத்துவின் வாய்க்கு நேரே பிடித்துப் பார்த்தான். பதினாறில் ஒன்றும் பொருந்தவில்லை.

"அங்கிள், தோடா அவுர் திறங்கோ. லைட்ல வாங்கோ." மறுபடி பார்த்தான். "உங்க கலர் இந்த கார்டுலயே நஹி ஹை, அங்கிள்."

"அப்பம் விட்டுரலாம்லா?"

"சிஸ்டம் விடாது. ஏதாவது ஒண்ணு போடணும்." கடைசியில் இருந்ததைப் போட்டுவிட்டு, 'தற்காலிகமாக' என்று பக்கத்தில் எழுதினான். தற்காலிகமாகக் கூட அந்தப் பட்டையில் இடமில்லாத மனிதராக வெயிலுமுத்து லிஃப்டுக்குத் திரும்பினார்.

அன்று சாயங்காலமே புருஷனும் பெண்டாட்டியும் நாகூர் கனியின் மருந்துக்கடைக்குப் போனார்கள். வெளுக்க வைக்கும் பேஸ்டுக்கென்று தனி அலமாரியே இருந்தது. ஒன்று கரியில் செய்தது. ஒன்று நீலம். ஒன்றில் வைரத்தூள் இருப்பதாக டப்பாவில் ஒரு வைரம் மின்னியது. இன்னொன்றில் ஒரு நடிகையின் சிரிப்பு மட்டும் இருந்தது, நடிகை இல்லை.

செண்பகவல்லி கரி டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "கரியப் போட்டு வெளுக்கவா? எங்கம்மா அடுப்புக்கரி வச்சு தேச்சதுக்கு வெவரமில்லாதவன்னு பேரு. இதுக்கு டப்பா, விளம்பரம்."

"அண்ணாச்சி, நான் விக்கிறவன். இருந்தாலும் சொல்லுதேன்" என்றார் நாகூர் கனி. "கரி வரட்டு வரட்டுன்னு தேய்க்கும், ரொம்ப நாள் போட்டா பல்லு கூசும். நீலம் ஒரு மாதிரி கண்கட்டு. தேச்ச ஒடனே வெள்ளையாத் தெரியும், ரெண்டு மணி நேரத்துல பழையபடி ஆயிரும். வைரத்தப் பத்தி எனக்குத் தெரியாது."

"பதினாலு நாள்ல வெளுக்குமா?"

"டப்பால ஒரு நட்சத்திரம் இருக்கு பாருங்க. அது எங்க கூட்டிட்டுப் போகுதுன்னு பாருங்க."

செண்பகவல்லி டப்பாவைத் திருப்பித் திருப்பி அந்த நட்சத்திரத்தின் ஜோடியைத் தேடினாள். அடிப்பக்கத்தில், ஒட்டுகிற மடிப்புக்குள், எறும்பு எழுத்தில் இருந்தது. நாகூர் கனி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்துச் சொன்னார்: மேற்பரப்புக் கறைகளுக்கு மட்டும். பலன் ஆளுக்கு ஆள் மாறும்.

"நம்ம கறை மேல இருக்கா, உள்ள இருக்கா?" என்று கேட்டாள் செண்பகவல்லி. அதை இருவருமே அதுவரை யோசித்ததில்லை. யோசிக்க வேண்டாம் என்று வெயிலுமுத்து நீலத்தையும் கரியையும் சேர்த்தே வாங்கிவிட்டார்.

காலை கரி, மாலை நீலம். ஒரு வாரம் அவர் தேய்த்த தேய்ப்பில் பிரஷ் இரண்டு மொட்டையாயிற்று. தண்ணீர் பட்டால் பல் கூசியது, ஈறில் ரத்தம் வந்தது. டப்பாவைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. பத்தொன்பது வருஷத்து டீக்கறை சுத்தமாகப் போய்விட்டது. பல்லில் வெளுக்கக்கூடிய இடமெல்லாம் வெளுத்தது. அதனாலேயே பழுப்புப் பட்டைகள் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தன. பேஸ்ட் வேலை செய்ததால் அவர் நிலைமை மோசமாயிற்று.

இதற்குள் லிஃப்டில் ஒரு கேமரா வைத்துவிட்டார்கள். அது புன்னகைகளை எண்ணும். வாய் திறந்திருக்க வேண்டும், பல் தெரிய வேண்டும், பல் வெள்ளையாக இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் புன்னகை. வெயிலுமுத்து மாடிக்கு மாடி தாடை வலிக்க இளித்தும் கேமராவின் கணக்கில் அவர் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.

இரண்டாம் நம்பர் லிஃப்ட் ஸ்ட்ரெச்சர் கொள்கிற லிஃப்ட். பிணவறை இருக்கும் கீழ் அடித்தளம்வரை போகும். கீழே போகிறவர்களிடமும் சிரிக்க வேண்டுமா என்று வெயிலுமுத்து சந்தேகம் கேட்டார். துறையிலிருந்து எழுத்து மூலமாகப் பதில் வந்தது: 'மேலே செல்வோர், கீழே செல்வோர் என்ற பாகுபாடு நம் நிறுவனத்தில் இல்லை.'

அடுத்த நாள் ஒரு தகப்பன் தன் மகனோடு கீழே போனான். மகனைத் தலையோடு மூடியிருந்தார்கள். வெயிலுமுத்து வழக்கமாக அப்படி வருகிறவர்களுக்குக் கதவைக் கையால் பிடித்துக்கொள்வார், "பாத்துங்க" என்பார், வேறு ஒன்றும் பேச மாட்டார். அன்று கேமராவைப் பார்த்தார், செண்பகவல்லியை நினைத்தார், பல்லைக் காட்டினார். அந்தத் தகப்பன் கோபப்படவில்லை. இவருக்கு ஏதோ உடம்புக்கு ஆகவில்லை போலிருக்கிறது என்பதுபோல ஒரு பார்வை பார்த்தான். அதைவிட அவன் அறைந்திருக்கலாம். அன்று மதியம் கொண்டுவந்த சோற்றை வெயிலுமுத்து அப்படியே திருப்பிக் கொண்டுபோனார்.

பல் பிரிவில் ராபியா என்று ஒரு இளம் டாக்டர். பக்கத்துச் சீத்தா கேம்ப் குடியிருப்புக்காரி. பத்தாம் நாள் அவளிடம் போய் வாயைத் திறந்து காட்டினார்.

"அண்ணாச்சி, இதை இனிமே தேய்க்காதீங்க. இது மேல ஒட்டுன கறை இல்ல. பல்லு முளைக்கிறதுக்கு முந்தியே தண்ணியில இருந்து பல்லுக்குள்ள ஏறுனது. பேஸ்டு மேல உள்ளதைத்தான் எடுக்கும். சட்டையில சிந்துன கொழம்பத் துவைச்சுப் போக்கலாம், சட்டையோட நெறத்தைத் துவைக்க முடியுமா? பல்லு நல்லா கெட்டியா இருக்கு. ஒரு கொறையும் இல்ல."

கெட்டியாக இருக்கிறது என்று ஒரு டாக்டர் சொன்னதைக் கேட்டபோது அவருக்கு அழுகை முட்டியது. அவள் அதையே ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

முறையீட்டுக் குழு பன்னிரண்டாம் நாள் கூடியது. குழு என்றால் பத்ரிதான். சாய்நாத் குறிப்பெடுத்தான். பத்ரி கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"ராபியா நல்ல டாக்டர். ஒத்துக்கறேன். ஆனா இது மெடிக்கல் ஒப்பினியன். ஹாஸ்பிடல்ல உக்காந்துண்டு எல்லாத்தையும் மெடிக்கலா பாத்தா நிர்வாகம் எப்படி நடக்கும்? டப்பாவில என்ன போட்டிருக்கான்?"

"அதுல ஒரு நட்சத்திரம் இருக்குய்யா. அடியில சின்னதா எழுதியிருக்கு."

"சின்னதா எழுதினதைப் படிக்கப்படாது, வெயிலுமுத்து. நானும் பேஷன்ட்கிட்ட கையெழுத்து வாங்கற ஃபாரத்துல எவ்வளவோ சின்னதா எழுதறேன். யாராவது படிக்கறாளா? நம்பிக்கைன்னு ஒண்ணு வேணும்."

"எம் பொண்டாட்டிக்கு மூணாவது மாடியில மெஷின் ஓடுதுய்யா. நான் கீழ போயிட்டா அது நின்னுரும்."

பத்ரி எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். குரல் நிஜமாகவே தழுதழுத்தது. "எனக்குத் தெரியாதா? என் அம்மாவுக்கும் உடம்பு முடியலை. அதனாலதான் சொல்றேன், பாஸிட்டிவா இருங்கோ. உங்க சிரிப்பு உங்க ஆத்துக்காரிக்கே ஒரு மருந்து." குறிப்பில் சாய்நாத் எழுதியது: 'ஊழியருக்கு வெளுப்பதில் விருப்பமில்லை.'

செண்பகவல்லிக்கு அந்த வாரம் மெஷினில் படுக்கும்போதெல்லாம் ரத்த அழுத்தம் இறங்கியது. இருதயம் அசந்துவருகிறது என்றார்கள். அவள் புருஷனிடம் அதைச் சொல்லவில்லை. "சோறு திங்காம என்னத்தத் தேச்சுக்கிட்டு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினான்காம் நாள் வியாழக்கிழமை. காலையில் அவளை மூன்றாம் மாடியில் படுக்கையில் விட்டுவிட்டு வெயிலுமுத்து ராபியாவிடம் போனார். பத்தாம் நாள் போனபோதே அவள் சொல்லியிருந்தாள். பல்லின் மேல் வெள்ளைப் பூச்சு ஒன்று போடலாம், சரியாக ஒட்டவைக்க நேரமில்லை, ஒரு நாள் நிற்கும்.

"இது வெளுப்பு இல்ல அண்ணாச்சி, பூச்சு. எதையும் கடிச்சிராதீங்க. சாயங்காலத்துக்குள்ள உதிர ஆரம்பிச்சிரும்." பூசி முடித்துவிட்டு அவள் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். "அஞ்சு வருஷம் படிச்சது இதுக்குத்தான்னு வாப்பாகிட்ட சொல்லிக்க முடியாது."

கூடத்தில் சாய்நாத் பட்டையைப் பிடித்தான். பட்டையின் முதல் பல்லைவிட வெயிலுமுத்துவின் பல் வெளுத்திருந்தது. பத்ரி அவர் கையைப் பிடித்து மேலே தூக்கினார்.

"பார்த்தேளா? டாக்டர் முடியாதுன்னா. பேஸ்ட் முடியும்னுது. யார் ஜெயிச்சா?"

எல்லோரும் கைதட்டினார்கள். பின்னால் நின்றிருந்த ராபியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயிலுமுத்து மூன்றாம் மாடிக்கு ஓடினார். செண்பகவல்லி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. "ஏட்டி, பாஸாயிட்டேன்" என்றார்.

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒங்க பல்லு எங்க?"

"உள்ளதான் இருக்கு. மேல பூசிருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. வேற யாரோ மாதிரி இருக்கிய." மூச்சு வாங்கிக்கொண்டாள். "சாயங்காலத்துக்குள்ள போயிருமா?"

"போயிரும்."

"அப்பம் சரி" என்று அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். லிஃப்டில் ஆள் காத்திருப்பதாக மணி அடித்துக்கொண்டே இருந்ததால் அவர் போய்விட்டார்.

பன்னிரண்டே காலுக்கு டயாலிசிஸ் டெக்னீஷியன் லிஃப்ட் வாசலுக்கே ஓடிவந்தான். வெயிலுமுத்து போனபோது திரையை இழுத்து மூடியிருந்தார்கள். முக்கால் மணி நேரம் முயன்றார்கள். பிறகு திரையை விலக்கினார்கள்.

ஸ்ட்ரெச்சர் கொள்கிற லிஃப்ட் அது ஒன்றுதான். வார்டு ஆள், "நீங்க ஓட்டாதீங்க அண்ணே, நான் ஓட்டுதேன்" என்றான். வெயிலுமுத்து கேட்கவில்லை. கதவைக் கையால் பிடித்துக்கொண்டார். தலையோடு வெள்ளைத் துணி மூடிய ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தது. "பாத்து" என்றார், பழக்கத்தில். கீழ் அடித்தளத்துக்குப் பட்டனை அழுத்தினார்.

இரண்டாம் மாடி தாண்டும்வரை சும்மா நின்றார். ஒரே கிணற்றுத் தண்ணீர், முப்பது வருஷம், கடைசியாக அவள் பார்த்துவிட்டுப் போன முகத்தில் தன் பல் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சுவரில் சாய்ந்து வாயை முழுக்கத் திறந்து அழுதார். சத்தம் வரவில்லை. கதவு திறக்கும்வரை வாய் மூடவில்லை.

பதினாறு நாள் காரியம் முடிந்து அவர் வேலைக்கு வந்தபோது இரண்டு கடிதங்கள் காத்திருந்தன. ஒன்று, பதினான்கு நாள் தேர்வில் வெற்றி பெற்றதைப் பாராட்டி, அவருடைய மனைவியின் டயாலிசிஸ் சலுகை மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்படுகிறது என்றது. இரண்டாவது, மாதத்தின் சிறந்த புன்னகைக்கான பரிசு அவருக்கு என்றது.

பரிசளிப்பில் பத்ரி பேசினார். "எல்லாரும் ஸ்மைல் பண்ணறா, ரெண்டு செகண்ட், மூணு செகண்ட். நம்ம வெயிலுமுத்து நிறுத்தாம இருபத்தொரு செகண்ட். கேமராவே பதிவு பண்ணியிருக்கு. இது மனசுலேர்ந்து வர்ற புன்னகை. இதை நடிக்க முடியாது."

சாய்நாத் அருகில் போய் பத்ரியின் காதில் ஏதோ சொன்னான். பத்ரி கண்ணாடியைக் கழற்றினார். ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி என்று அறிவித்தார். அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் ஊழியர்களுக்குப் புன்னகையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. நிமிஷம் முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "டெடிகேஷன்னா இதுதான்" என்று தொடர்ந்தார்.

கேடயத்தோடு ஒரு படம் எடுக்க வேண்டும், கொஞ்சம் சிரியுங்கள் என்றான் புகைப்படக்காரன். வெயிலுமுத்து வாயைத் திறந்தார். பூச்சு என்றைக்கோ உதிர்ந்துபோயிருந்தது. புகைப்படக்காரன் கேமராவை இறக்கினான்.

"வேண்டாம்" என்றார் பத்ரி. "லிஃப்ட் கேமராவில இருக்கறதையே பெருசு பண்ணிப் போட்ருங்கோ."

போட்டார்கள். இரண்டாம் நம்பர் லிஃப்டுக்குள்ளேயே, பட்டன்களுக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்டு. அண்ணாந்த முகம், அகலத் திறந்த வாய், வெள்ளை வெளேரென்ற பல். மற்றதெல்லாம் வெட்டியிருந்தார்கள். ஓரத்தில் ஒரு விரற்கடை வெள்ளைத் துணி மட்டும் வெட்டுக்குத் தப்பி நின்றது. காலையில் வந்ததும் அந்த ஓரத்தைத் துடைத்துவிட்டுத்தான் வெயிலுமுத்து லிஃப்டை எடுப்பார். ஏறுகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, நல்ல சிரிப்பு என்பார்கள். கீழே நின்றிருப்பவர்தான் படத்தில் இருப்பவர் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் சொல்லவும் இல்லை. தேர்வில் ஏற்கெனவே தேறிவிட்டவர் என்பதால் அவர் பல்லை யாரும் மறுபடி பார்க்கவில்லை.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள், மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண் ஏறினாள். கூட ஸ்ட்ரெச்சர், தலையோடு மூடியது. அவள் ஸ்ட்ரெச்சரைப் பார்க்காமல் இருப்பதற்காகப் படத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவரு எதுக்கு அழுவுறாரு?" என்று கேட்டாள்.

வெயிலுமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தார். கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தார்.

"அவரு சம்சாரம் போயிட்டாம்மா" என்றார்.

"எப்ப?"

"அந்தப் படம் எடுக்கும்போதுதான்."

லிஃப்ட் கீழே இறங்கியது. அந்த இறக்கத்தில் கேமரா ஒரு புன்னகையும் எண்ணவில்லை.